அதிகம் ஓட்டாத காரின் பேட்டரி: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் குடியிருப்பு வேளச்சேரியில் இருக்கிறது. 2020 ஊரடங்கு தளர்ந்து எல்லோரும் கீழே இறங்கி வந்தபோது, வரிசையாக நின்ற கார்களில் பல உயிரே இல்லாமல் கிடந்தன. என் காரும் அதில் ஒன்று. ஒரு மல்டிமீட்டரும் ஒரு சார்ஜரும் வாங்கி என் பேட்டரியைத் தேற்றினேன். அன்றிலிருந்து அக்கம்பக்கத்தில் யார் கார் மக்கர் செய்தாலும் என்னைக் கூப்பிடுகிறார்கள். வேலை வீட்டிலிருந்தே நடப்பதால் வாரக்கணக்கில் கார் எடுக்காதவர்கள் இப்போது நிறையப் பேர். கேட்கிற சந்தேகங்களும் ஒன்றேதான். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, நான் சொல்லும் பதில்களைக் கீழே தந்திருக்கிறேன். பெரும்பாலும் பெட்ரோல், டீசல் கார்களில் இருக்கும் 12 வோல்ட் ஈய அமில பேட்டரியைப் பற்றியது இது. ஹைப்ரிட், மின்சாரக் கார்களுக்குக் கடைசிப் பக்கம் ஒரு பதில் உண்டு.

காரை ஆஃப் பண்ணி, பூட்டிட்டுத்தானே வர்றோம்? சும்மா நிக்கிற வண்டியில பேட்டரி எப்படி சார் இறங்கும்?

சாவியை எடுத்த பிறகும் கார் முழுதாகத் தூங்குவதில்லை. கடிகாரம் ஓடுகிறது, திருட்டு அலாரம் விழித்திருக்கிறது, ரிமோட் சாவியின் சிக்னலுக்காக ஒரு ரிசீவர் காத்திருக்கிறது. இதெல்லாம் சேர்ந்து 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை இழுப்பது சாதாரணம்.

கேட்கக் கொஞ்சமாகத்தான் இருக்கும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். சிறிய பெட்ரோல் கார்களில் பொதுவாக 35 ஆம்பியர் அவர் (Ah, பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அளவு) பேட்டரி இருக்கும். 25 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 0.6 ஆம்பியர் அவர் போகிறது. முப்பது நாளில் 18, அதாவது பாதி பேட்டரி. 50 மில்லி ஆம்பியர் இழுக்கும் காரில் ஒரே மாதத்தில் முழுதும் காலி. இது போதாதென்று பேட்டரி தனக்குள்ளேயும் மெல்ல இறங்கும். வெயில் ஏற ஏற இந்த இறக்கம் வேகமாகும்.

அப்போ எத்தனை நாள் வரைக்கும் தொடாம விடலாம்?

நல்ல நிலையில், முழு சார்ஜில் இருக்கும் பேட்டரி என்றால் இரண்டு வாரம் கவலை வேண்டாம். மூன்று வாரத்துக்கு மேல் போனால், அதுவும் மூன்று வயது கடந்த பேட்டரி என்றால், சந்தேகம்தான். ஒரு மாதத்துக்கு மேல் நிற்கப் போகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால், கீழே சொல்லும் ஏதாவது ஒன்றைச் செய்துவிட்டுக் கிளம்புங்கள்.

தினமும் காலையில பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வெச்சிடறேன். அது போதும்ல?

போதாது. எல்லாவற்றையும் விட அதிகமாக என்னிடம் வந்த கேள்வி இதுதான், நல்ல எண்ணத்தோடு பேட்டரியைக் கெடுக்கும் பழக்கமும் இதுதான்.

எங்கள் வளாகத்தில் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் ஊரடங்கு முழுக்க இதைத் தவறாமல் செய்தார். காலை ஆறரைக்கு இறங்கி வருவார். ஸ்டார்ட் செய்வார், ஏசியைப் போடுவார், ஒரு பக்திப் பாட்டு ஓடும், பேப்பர் படித்து முடித்ததும் அணைப்பார். மூன்றாவது மாதம் அவர் பேட்டரியில் மீட்டர் வைத்தேன். 12.1 வோல்ட். பாதிக்கும் கீழே. "தினமும் ஸ்டார்ட் பண்றேனே தம்பி" என்று அவர் முகம் வாடியது இன்னும் நினைவிருக்கிறது.

காரணம் இதுதான். ஸ்டார்ட் செய்யும் அந்த இரண்டு நொடியில் போகும் சார்ஜ் உண்மையில் குறைவு, சில நிமிடங்களில் திரும்பிவிடும். ஆனால் எஞ்சின் ஐட்லிங்கில் இருக்கும்போது ஆல்டர்னேட்டர் (எஞ்சினோடு சுழன்று பேட்டரியை ஏற்றும் ஜெனரேட்டர்) தரும் மின்சாரமும் குறைவு. ஏசி, ஃபேன், பாட்டு எல்லாம் அதில் பங்கு கேட்கும். மிஞ்சுவது அன்றைய செலவுக்கே சரியாகப் போய்விடும், பழைய கடன் அடைவதே இல்லை. அதோடு, பேட்டரி கடைசி இருபது சதவீதத்தை மிக மெதுவாகத்தான் வாங்கும், அதற்கு மணிக்கணக்கில் நேரம் வேண்டும். எஞ்சினும் முழுச் சூடு அடையாததால் ஆயிலிலும் சைலன்சரிலும் ஈரம் தங்கும். மூடிய கீழ்த்தளத்தில் என்றால் கார்பன் மோனாக்சைடு வேறு. அது உயிருக்கே ஆபத்து, பேட்டரியெல்லாம் அப்புறம்.

சரி, எவ்வளவு நேரம் ஓட்டணும்?

வாரம் ஒரு முறை, அரை மணி முதல் முக்கால் மணி நேரம், தடையில்லாமல் போகும் சாலையில். சிக்னலுக்கு சிக்னல் நின்று போவது ஐட்லிங்குக்குப் பக்கத்தில்தான் வரும். நான் ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கிளம்பி பழைய மகாபலிபுரம் சாலையில் கேளம்பாக்கம் வரை போய் டீ குடித்துவிட்டுத் திரும்புகிறேன். டயர் ஒரே இடத்தில் அமுங்கிக் கிடக்காது, பிரேக் டிஸ்க்கில் துருவும் நிற்காது.

இப்படி ஓட்டினாலும் நூறு சதவீதம் ஏறாது. அதனால் மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது சார்ஜர் வைத்து முழுதாக ஏற்றுங்கள்.

பேட்டரி எவ்வளவு இருக்குன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? மீட்டர் வாங்கித்தான் ஆகணுமா?

வாங்குங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண மல்டிமீட்டர் போதும். டிசி 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை பிளஸ்ஸிலும் கறுப்பு முனையை மைனஸ்ஸிலும் தொடுங்கள். ஓட்டி வந்தவுடன் பார்த்தால் பொய்யான உயரம் காட்டும். இரவெல்லாம் நின்ற பிறகு, காலையில் முதல் வேலையாகப் பாருங்கள். பானெட்டையோ கதவையோ திறந்தால் காரின் கணினிகள் விழித்துக்கொள்ளும், அதனால் கொஞ்சம் பொறுத்து அளக்கவும்.

12.6க்கு மேல் என்றால் நிறைவு. 12.4 முக்கால் பங்கு. 12.2 பாதி. 12.0 கால் பங்கு. பலர் மீட்டரில் 12 என்று பார்த்ததும் "பன்னெண்டு வோல்ட் பேட்டரி பன்னெண்டு காட்டுது, நல்லாத்தானே இருக்கு" என்று மூடிவிடுகிறார்கள். அது கிட்டத்தட்ட காலியான பேட்டரி. ஆறு அறைகள், ஒவ்வொன்றும் நிறைவாக இருக்கும்போது 2.1 வோல்ட் தரும். அதனால்தான் நிறைவு என்பது 12.6. எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.5 முதல் 14.7 வரை காட்ட வேண்டும். ஓடும்போதும் 12 சொச்சத்திலேயே நின்றால் ஆல்டர்னேட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். சில புதிய கார்களில் கணினி இதைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் என்பதால் ஒரே ஒரு அளவை வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

பாதி சார்ஜ்ல இருந்தா என்ன அண்ணா? ஸ்டார்ட் ஆகுதே!

ஸ்டார்ட் ஆகும். உள்ளே சேதம் நடந்துகொண்டே இருக்கும். பேட்டரி இறங்கும்போது தகடுகளில் லெட் சல்ஃபேட் படிகிறது. உடனே சார்ஜ் ஏற்றினால் கரைந்துவிடும். அப்படியே வாரக்கணக்கில் விட்டால், பாகு ஆறிக் கற்கண்டாக இறுகுவது போல அது பெரிய படிகங்களாக இறுகிவிடும். இறுகியது எளிதில் கரையாது, அந்த இடம் வேலை செய்யாமல் போய்விடும். பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். நம் ஊர் வெயிலில் இது இன்னும் வேகமாக நடக்கும்.

ஓடாததால் மட்டும் பேட்டரி சாவதில்லை, குறைந்த சார்ஜில் நிற்பதால்தான் சாகிறது. கீழே வரும் யோசனைகள் எல்லாம் இதை ஒட்டித்தான்.

மைனஸ் வயரைக் கழட்டிடுங்க, ஒண்ணும் ஆகாதுன்னு மெக்கானிக் சொல்றார். சரியா?

சரிதான், மாதக்கணக்கில் நிற்கும் காருக்கு நல்ல வழி. ஆனால் முதலில் முழு சார்ஜ் ஏற்றிவிட்டுக் கழற்றுங்கள். பாதியில் கழற்றி வைத்தால் மேலே சொன்ன கற்கண்டு கதைதான். பல கார்களுக்கு 10 நம்பர் ஸ்பேனர் போதும். எப்போதும் மைனஸ்ஸை முதலில் கழற்ற வேண்டும், மாட்டும்போது மைனஸ் கடைசி. காரின் உடம்பு முழுக்க மைனஸோடு இணைந்திருப்பதால், பிளஸ்ஸை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால் பெரிய தீப்பொறி பறக்கும். கழற்றிய முனை தானாகப் போய் ஒட்டாதபடி ஒரு துணி சுற்றி ஓரமாக ஒதுக்கி வையுங்கள்.

கழற்றினால் கடிகாரம் அழியும், அலாரம் வேலை செய்யாது, ரிமோட்டில் கதவு திறக்காது. சில கார்களில் ஸ்டீரியோ கோட் கேட்கும், கண்ணாடி தானாக ஏறி இறங்குவதைத் திரும்பப் பழக்க வேண்டும். ரிமோட்டுக்குள் மறைந்திருக்கும் இரும்புச் சாவி எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு பிறகு பானெட்டை மூடுங்கள். தனக்குள் இறங்கும் இறக்கம் நிற்காது, எனவே இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை அளந்து பார்த்து ஏற்றவும்.

நாங்க வெளிநாட்டுல இருக்கோம், வருஷத்துக்கு ஒரு மாசம்தான் ஊருக்கு வர்றோம். அப்பாவுக்கு ஓட்டத் தெரியாது. என்ன பண்றது?

பேட்டரியை முழுதாக ஏற்றி, காரிலிருந்தே இறக்கி, வீட்டில் வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் வைத்துவிடுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை யாராவது தானியங்கி சார்ஜரை ஒரு இரவு மாட்டி எடுத்தால் போதும். ஓட்டத் தெரியாதவரும் செய்யக்கூடிய வேலை இது. நாள்காட்டியில் தேதியைக் குறித்துக் கொடுத்துவிட்டுப் போங்கள். அதற்கும் ஆள் இல்லையென்றால் ஒவ்வொரு முறை வரும்போதும் புது பேட்டரிச் செலவு வரக்கூடும். அந்த ஒரு மாதத்துக்கு வாடகைக் கார் எடுப்பது லாபமா என்று யோசிப்பதில் தவறில்லை.

என்ன சார்ஜர் வாங்கணும்? வீட்டு இன்வெர்ட்டர்லயே மாட்டிடலாமா?

இன்வெர்ட்டரில் மாட்டாதீர்கள். அது 150 ஆம்பியர் அவர் போன்ற பெரிய பேட்டரியை மனதில் வைத்துச் செய்தது, அது தள்ளும் ஆம்பியர் சின்ன கார் பேட்டரிக்கு அதிகம். சூடாகி வீங்கும்.

கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியர் என்பது பழைய, நல்ல கணக்கு. 35 ஆம்பியர் அவர் பேட்டரிக்கு மூன்றரை ஆம்பியர் அளவு. நிறைந்ததும் தானாக 13.5 வோல்ட் பக்கம் இறங்கிப் பராமரிக்கும் தானியங்கி சார்ஜர்கள் கிடைக்கின்றன, அதையே வாங்குங்கள். நிறைந்தாலும் தள்ளிக்கொண்டே இருக்கும் பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகையை மாட்டிவிட்டுத் தூங்கப் போகக் கூடாது. சிக்னலில் தானாக அணைந்து எழும் கார் என்றால் உள்ளே அடிக்கடி ஸ்டார்ட் செய்வதைத் தாங்கும் இ.எஃப்.பி. (EFB) அல்லது ஏ.ஜி.எம். (AGM) வகை பேட்டரி இருக்கும். பேட்டரி மேலேயே எழுதியிருக்கும். சார்ஜர் அந்த வகைக்குப் பொருந்துமா என்று பார்த்து வாங்குங்கள்.

பார்க்கிங்ல பிளக் பாயின்ட்டே கிடையாதே. எப்படி சார்ஜ் போடறது?

கழற்றி மேலே கொண்டு போக வேண்டியதுதான். சிறிய கார் பேட்டரி பத்து கிலோ பக்கம் வரும், டீசல் கார் என்றால் இன்னும் கனம். சாய்க்காமல் நிமிர்த்தியே தூக்குங்கள். பால்கனி நல்ல இடம். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும், அது தீப்பிடிக்கும். படுக்கையறையில் வேண்டாம். விளக்கு, கற்பூரம், ஊதுபத்தி ஏற்றும் பூஜை அறைப் பக்கம் வேண்டவே வேண்டாம். பாதி இறங்கியது முழுதாக ஏற எட்டு, பத்து மணி நேரம் ஆகும்.

டேஷ்போர்டுல சின்ன சோலார் தகடு வெச்சா?

வெயிலில் நிற்கும் காருக்கு உதவும். கீழ்த்தளத்தில் பயனில்லை. ஒன்று கவனியுங்கள்: சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் மாட்டும் தகடாக இருந்தால், பல கார்களில் சாவியை எடுத்ததும் அந்த சாக்கெட் துண்டிக்கப்பட்டுவிடும். தகட்டில் விளக்கு எரியும், பேட்டரிக்கு எதுவும் போகாது. நேராக பேட்டரியில் இணைக்கும் வகைதான் உதவும்.

டிஸ்டில்டு வாட்டர் ஊத்தணுமா?

மேலே ஆறு மூடிகள் இருந்தால், ஆம். தகடுகள் தண்ணீரில் முழுகி, அதற்கு மேலே ஒரு விரல் அகலம் அளவுக்கு நிற்க வேண்டும். குழாய்த் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர், ஆசிட் எதுவும் கூடாது. டிஸ்டில்டு வாட்டர் மட்டும், அதுவும் சார்ஜ் ஏறிய பிறகு. முன்னாடியே நிரப்பினால் சார்ஜ் ஏறும்போது பொங்கி வழியும். மூடியே இல்லாத சீல் செய்த பேட்டரியைக் குத்தித் திறக்க வேண்டாம்.

டெர்மினல்ல வெள்ளையா, பச்சையா பூத்திருக்கே?

அரிப்பு அது. சார்ஜ் உள்ளே போகவும் வெளியே வரவும் தடையாக நிற்கும். வயரைக் கழற்றிவிட்டு, ஆப்ப சோடாவை வெந்நீரில் கரைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். நுரைத்துக்கொண்டு வரும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். துடைத்து, ஈரம் காய்ந்ததும் இறுக்கமாக மாட்டி, மேலே வாசலின் தடவுங்கள். பேட்டரியில் மூடி இருந்தால் சோடாத் தண்ணீர் உள்ளே போகக் கூடாது.

சிமென்ட் தரையில வெச்சா சார்ஜ் இறங்கிடும்னு சொல்றாங்களே?

மரப்பெட்டியிலும் ரப்பர் பெட்டியிலும் பேட்டரி வந்த காலத்தில் உண்மை. இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

புது பேட்டரி போட்டும் ஒரே வாரத்துல இறங்கிடுது. கம்பெனி ஏமாத்திட்டாங்களா?

வெளியே இழுப்பது எது என்று முதலில் பாருங்கள். கார் நின்ற பிறகும் படம் பிடிக்கும் டேஷ்கேம், பின்னால் பொருத்திய ஸ்டீரியோ, ஜிபிஎஸ் டிராக்கர், டிக்கி விளக்கு. பக்கத்து பிளாக்கில் ஒரு காருக்கு இரண்டாவது பேட்டரியும் இறங்கியது. போனை வீடியோவில் வைத்து டிக்கிக்குள் படுக்கப் போட்டு மூடினோம். எடுத்துப் பார்த்தால் வீடியோ முழுக்க வெளிச்சம். விளக்கை அணைக்கும் சுவிட்ச் சிக்கியிருந்தது. ஐந்து வாட் விளக்கு ஒரு நாளைக்குப் பத்து ஆம்பியர் அவர் சாப்பிடும். மூன்று நாலு நாளில் சின்ன பேட்டரி காலி.

அப்படி எதுவும் கண்ணில் படவில்லையென்றால் எலக்ட்ரீஷியனிடம் போய், மைனஸ் வயருக்கு நடுவே மீட்டர் வைத்து இழுப்பை அளக்கச் சொல்லுங்கள். கார் தூங்க அரை மணி நேரம் விட்டு அளக்க வேண்டும். அப்போதும் 50 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் ஒவ்வொரு ஃபியூஸாக எடுத்துப் பார்த்துக் கண்டுபிடிப்பார். பட்டன் ஸ்டார்ட் கார் என்றால் சாவியைக் காருக்குப் பக்கத்தில் மாட்டி வைக்காதீர்கள். சில கார்களை அது அடிக்கடி எழுப்பிக்கொண்டே இருக்கும்.

மழை எச்சரிக்கைன்னு மேம்பாலத்துல ரெண்டு நாள் நிறுத்திட்டு வந்தேன். போய்ப் பார்த்தா உயிரே இல்லை.

எங்கள் பகுதிக்கே உரிய கேள்வி. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு மழை என்றாலே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசை கட்டிவிடும். பாதுகாப்புக்கென்று ஹசார்டு விளக்கை மின்னவிட்டுப் போய்விட்டால், அது பத்து மணி நேரத்திலேயே சின்ன பேட்டரியை முடித்துவிடும். பார்க்கிங் விளக்கும் ஒரு நாள் தாங்காது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வாருங்கள்.

டிக் டிக் டிக்னு சத்தம் மட்டும் வருது. பக்கத்துக் காரோட ஜம்ப் ஸ்டார்ட் பண்ணலாமா?

வேகமான டிக் டிக் என்றால் பெரும்பாலும் சார்ஜ் இல்லை. ஒரே ஒரு 'டக்' மட்டும் என்றால் டெர்மினல் தளர்வா, ஸ்டார்ட்டர் கோளாறா என்று பாருங்கள்.

கேபிள் மாட்டும் வரிசை முக்கியம். முதலில் சிவப்பை இறங்கிய பேட்டரியின் பிளஸ்ஸில், அடுத்த முனையை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். பிறகு கறுப்பை நல்ல பேட்டரியின் மைனஸ்ஸில், கடைசி முனையை இறங்கிய காரின் எஞ்சினில் பெயின்ட் இல்லாத இரும்பில், பேட்டரியிலிருந்து தள்ளி. கடைசி இணைப்பில் பொறி வரும், அந்தப் பொறி ஹைட்ரஜன் இருக்கும் பேட்டரிக்குப் பக்கத்தில் வரக் கூடாது என்பதற்காகத்தான் தள்ளி. நல்ல காரைச் சில நிமிடம் ஓடவிட்டு இதை ஸ்டார்ட் செய்யுங்கள். கழற்றுவது இதற்கு நேர் எதிர் வரிசை. பேட்டரி வீங்கியோ விரிசல் விட்டோ இருந்தால் கிட்டேயே போகாதீர்கள்.

ஸ்டார்ட் ஆனதும் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். முழுதாகக் காலியான பேட்டரியை ஏற்றுவது ஆல்டர்னேட்டருக்குப் பெரிய சுமை. அன்றைக்கே சார்ஜர் வையுங்கள்.

தள்ளி ஸ்டார்ட் பண்ணக் கூடாதா?

மேனுவல் கியர் கார், பேட்டரியில் கொஞ்சமாவது உயிர் மீதி என்றால், இரண்டாவது கியரில் முடியும். ஆட்டோமேட்டிக்கில் முடியாது. விளக்கே எரியாத அளவு காலியானால் இன்றைய கார்களின் கணினியும் ஃபியூயல் பம்பும் வேலை செய்யாது, எவ்வளவு தள்ளினாலும் வீண்.

எங்களோடது எலக்ட்ரிக் கார். இதெல்லாம் எங்களுக்கு இல்லைதானே?

உங்களுக்கும் உண்டு. பெரிய பேட்டரி எண்பது சதவீதம் இருக்கும், ஆனால் கதவையும் திரையையும் எழுப்புவது சின்ன 12 வோல்ட் பேட்டரிதான். அது இறங்கினால் கார் எழவே எழாது. கார் ஓடத் தயாராக இருக்கும்போது பெரிய பேட்டரி சின்னதை ஏற்றிவிடும். நிற்கும்போது தானாக ஏற்றுமா என்பது காருக்குக் கார் மாறும், கையேட்டைப் பாருங்கள். ஹைப்ரிட் காரில் 'ரெடி' என்று வரும் நிலையில் வைத்தால்தான் சின்ன பேட்டரி ஏறும். வெறுமனே பட்டனை அழுத்திப் பாட்டுக் கேட்டால் இறங்கும்.

கடையில மாத்தியே ஆகணும்னு சொல்றாங்க. உண்மையிலேயே செத்துடுச்சா, சார்ஜ்தான் இல்லையா?

பணம் கொடுப்பதற்கு முன் ஒரு நாள் அவகாசம் எடுங்கள். முழுதாக சார்ஜ் ஏற்றி, வயரை மாட்டாமல் பன்னிரண்டு மணி நேரம் விட்டு அளங்கள். 12.4க்குக் கீழே தானாக இறங்கியிருந்தால் உள்ளே கெட்டுவிட்டது. 12.6 நிற்கிறது என்றால் காரில் மாட்டி, ஒருவர் ஸ்டார்ட் செய்யும்போது இன்னொருவர் மீட்டரைப் பார்க்கட்டும். 9.6க்குக் கீழே விழுந்தால் கொள்ளளவு போய்விட்டது. விழாமல் தாங்கினால் பேட்டரி நன்றாகவே இருக்கிறது. அந்தப் பெரியவரின் பேட்டரியை இரண்டு இரவு சார்ஜரில் வைத்தேன். அப்புறம் இரண்டு வருடம் ஓடியது.

நம் ஊர்ச் சூட்டில் மூன்று முதல் ஐந்து வருடம்தான் ஒரு பேட்டரியின் ஆயுள். அதைத் தாண்டியது சோதனையில் தோற்றால் தயங்காமல் மாற்றுங்கள். வாரன்ட்டி அட்டையில் இலவசமாக மாற்றித் தரும் மாதங்கள் எத்தனை, விலையில் கழிவு மட்டும் தரும் மாதங்கள் எத்தனை என்று தனித்தனியாகப் பாருங்கள். பழையதைக் கடையிலேயே கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள். 2022ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதைத் திரும்பச் சேகரிப்பது தயாரிப்பாளர் பொறுப்பு. தெருவில் வரும் காயலான்காரரிடம் போட்டால், எங்கோ ஒரு கொட்டகையில் ஈயத்தை உருக்கி, ஆசிட்டை மண்ணில் கொட்டுவார்கள்.